கார் ஷெட்டுக்கு மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

மின்சார வண்டிகள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியதும், ஒரு டியூப் லைட்டோடு இருந்த கார் ஷெட்டுகளுக்குத் திடீரென்று பெரிய வேலை வந்துவிட்டது. இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால் அவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

தாம்பரம் அருகே தனி வீடு, த்ரீ ஃபேஸ் இணைப்பு. மீட்டர் பெட்டியிலிருந்து கார் ஷெட் 18 மீட்டர் தூரம். அங்கே இப்போது ஒரு லைட்டும் ஒரு 5 ஆம்ப் பிளக்கும்தான். மின்சாரக் கார் பதிவு செய்திருக்கிறோம். 2 எச்.பி. கம்ப்ரசரும் வண்டி கழுவும் பிரஷர் வாஷரும் வாங்க எண்ணம். இருக்கிற லைனிலேயே ஒரு 15 ஆம்ப் பிளக் வைத்துவிடலாம் என்கிறார் ஒயர்மேன். செய்யலாமா?

செய்யாதீர்கள். அந்த லைனில் ஓடுவது அநேகமாக 1 அல்லது 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) ஒயர். லைட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும் போட்டது. காருடன் வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 14, 15 ஆம்பியர் இழுக்கும். அதுவும் 8, 9 மணி நேரம் ஓயாமல். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் அவ்வப்போது ஓடி நிற்பவை, ஒயர் ஆறுவதற்கு நேரம் இருக்கும். கார் சார்ஜர் அந்த நேரத்தைக் கொடுக்காது. கார் ஷெட் ஒயரிங்கை மற்ற அறைகளைப் போல நினைக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

திட்டத்தை மீட்டரிலிருந்து தொடங்குங்கள், பிளக்கிலிருந்து அல்ல. மின் கட்டண விவரத்தில் உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று இருக்கும். வீட்டில் உள்ள ஏசி, கீசர், மோட்டாரோடு காரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மிஞ்சினால் வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் லோடு கூட்ட விண்ணப்பித்துவிட்டு மற்ற வேலைக்குப் போங்கள். சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம், அதற்குத் தனி மீட்டர் கட்டாயமில்லை.

அடுத்தது ஒயர். இப்போது 3.3 கிலோவாட் போதும் என்றாலும், 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் பிறகு வரும் என்று வைத்தே போடுங்கள். அது 32 ஆம்பியர் இழுக்கும். 18 மீட்டருக்கு 6 ஸ்கொயர் போட்டால் வோல்டேஜ் இழப்பு 4 வோல்ட்தான், அந்தக் கணக்கில் குறையில்லை. ஆனால் பைப்புக்குள் போகும் 6 ஸ்கொயர் ஒயர் தாங்குவது சுமார் 35 ஆம்பியர். சென்னை மே மாத வெயிலில், மொட்டைச் சுவரில் காயும் பைப்புக்குள் அந்த 35-உம் நிற்காது. ஆகவே 10 ஸ்கொயர் காப்பர் போடுங்கள்: ஃபேஸ், நியூட்ரல், பச்சை எர்த் மூன்றுமே 10 ஸ்கொயர். 18 மீட்டருக்கு வளைவு, பெட்டிக்குள் விடும் நீளம் சேர்த்து நிறத்துக்கு 20 மீட்டர், ஆக 60 மீட்டர். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையில் வாங்கினால் முழுச் சுருள் வாங்கி வீணாக்க வேண்டியதில்லை. ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரை ஒயரின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். பைப் 32 மி.மீ., கனமான வகை. மெல்லிய பைப் வெயிலில் ஓராண்டிலேயே வளைந்து உடைகிறது.

ஷெட்டில் தனி டிபி பெட்டி (சுவிட்சுகளை வரிசையாகப் பொருத்தி லைன்களைப் பிரிக்கும் பெட்டி) வையுங்கள், 16 வே, அதாவது 16 இடம் உள்ளது. அதில் முதலில் 40 ஆம்ப் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்) ஐசொலேட்டர், அதாவது பெட்டியின் மெயின் சுவிட்ச். காருக்குத் தனியாக 40 ஆம்ப், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச்). அது 'ஏ' டைப்பாக இருக்க வேண்டும். கடையில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் 'ஏசி' டைப்தான் கையில் வரும். கார் சார்ஜரில் டிசி கசிவு வந்தால் 'ஏசி' டைப்பின் உள்ளிருக்கும் காந்த வளையம் மரத்துப் போய், விழ வேண்டிய நேரத்தில் விழாது. சுவர் சார்ஜர் வாங்கும்போது 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலை அதிகமான 'பி' டைப் ஆர்சிசிபிதான் வழி. அந்த ஆர்சிசிபிக்குப் பின்னால் இப்போதைக்கு 20 ஆம்ப் டபுள் போல் எம்சிபி (அளவுக்கு மேல் ஆம்பியர் ஓடினால் விழும் சுவிட்ச்), 7.2 கிலோவாட் சார்ஜர் வந்ததும் 40 ஆம்ப். 32 ஆம்ப் எம்சிபியில் 32 ஆம்பியரை மணிக்கணக்காக ஓட்டினால் பெட்டிச் சூட்டிலேயே விழுந்துகொண்டிருக்கும். 40 ஆம்ப் எம்சிபி போட்டால் அங்கிருந்து சார்ஜர் வரை போகும் ஒயரும் 10 ஸ்கொயராகவே இருக்க வேண்டும்; எம்சிபி காப்பது ஒயரை, ஒயர் தாங்குவதைவிடப் பெரிய எம்சிபி வைத்தால் காவலே இல்லை.

மற்றவற்றுக்கு இன்னொரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதன் கீழ் கம்ப்ரசருக்கு 4 ஸ்கொயரும் 'சி' டைப் (மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி கூடுதலாக இழுப்பதைத் தாங்கும்) 16 ஆம்ப் எம்சிபியும், வாஷர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயரும் 16 ஆம்ப் எம்சிபியும், லைட்டுக்கு 1.5 ஸ்கொயரும் 6 ஆம்ப் எம்சிபியும். இடி மின்னல் அதிகம் தாக்கும் இடமென்றால் டைப் 2 எஸ்பிடி (லைனில் திடீரென்று பாயும் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) ஒன்று. காரின் சார்ஜரில் உள்ள மின்னணுப் பலகையின் விலையை நினைத்தால் இது பெரிய செலவில்லை. வீட்டு மெயினில் இந்த லைனுக்கு 40 ஆம்ப் எம்சிபி. ஆகவே 7.2 கிலோவாட்டில் காருக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசரை ஓட்ட முடியாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. த்ரீ ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் அடுத்ததற்கு மாற்றும் சேஞ்சோவர் சுவிட்ச் நம் ஊரில் சாதாரணம். காருக்கான லைனை அந்தச் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு ஃபேஸ் போய், யாரோ சுவிட்சைத் திருகினால், ஏசியும் ஃப்ரிட்ஜும் ஓடும் ஃபேஸின் மீது 32 ஆம்பியர் வந்து ஏறும்.

15 ஆம்ப் பிளக்கில்தான் காரை சார்ஜ் செய்கிறோம். இரண்டே மாதத்தில் பிளக்கின் ஓட்டை கறுத்து, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. எம்சிபி விழவேயில்லை. எம்சிபி கோளாறா? (மதுரை)

எம்சிபியில் தவறில்லை. அது பார்ப்பது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை மட்டும். உங்கள் பிளக்கில் ஓடியது எப்போதும் 15 ஆம்பியர்தான். சூடு பிறந்தது சார்ஜரின் பின்னும் (pin) சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை இதழும் தொடும் இடத்தில். இதழ் தளர்ந்து, அங்கே ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 15 ஆம்பியரில் 22 வாட் சூடு. சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் வைத்து எட்டு மணி நேரம் விட்ட மாதிரி.

சாக்கெட்டை மட்டும் மாற்றினால் திரும்பவும் கறுக்கும். பெட்டிக்குள் கடைசி 15 செ.மீ. ஒயரைப் பாருங்கள். மேலுறை இறுகி நொறுங்கினால் நல்ல காப்பர் தெரியும் வரை வெட்டுங்கள். இழை ஒயரை அப்படியே ஸ்குரூவில் திருகாமல், நுனியில் பின் லக் என்ற உலோகக் குழாயை மாட்டி நசுக்கி (க்ரிம்ப் செய்து) இறுக்க வேண்டும். இழைகள் காலப்போக்கில் தட்டையாகி ஸ்குரூ தளர்வதுதான் பாதி எரிதலுக்குக் காரணம். அந்தப் பிளக்குக்கு வருவது 4 ஸ்கொயராக இருக்கட்டும். வேறெதற்கும் அதிலிருந்து லூப் எடுக்கக் கூடாது. ஐ.எஸ். 1293 முத்திரையுள்ள, கெட்டியான 16 ஆம்ப் சாக்கெட் வாங்குங்கள். கார் சார்ஜரின் பின்னும் ஒருபக்கம் கறுத்திருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். கெட்ட பின் புதுச் சாக்கெட்டையும் கெடுக்கும். 6 ஆம்ப் பிளக்கில் பொருத்தும் கன்வெர்ட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் இந்த வேலைக்கு அறவே கூடாது.

முடிந்தால் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டுக்கோ சுவர் சார்ஜருக்கோ மாறிவிடுங்கள். தினமும் இரவெல்லாம் சார்ஜ் போடும் வீட்டில் சாதாரணப் பிளக்கை நிரந்தர ஏற்பாடாக நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எங்கள் வீடு 1980-களில் கட்டியது. மெயினில் இன்னும் பீங்கான் கட்டவுட் ஃபியூஸ்தான். கார் ஷெட் பிளக்கில் எர்த் பின் இருக்கிறது, ஒயர் இல்லை. ஸ்கூட்டர் சார்ஜர் 'எர்த் இல்லை' என்று சிவப்பு விளக்குக் காட்டியது. ஒயர்மேன் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார், சார்ஜர் வேலை செய்கிறது. இது சரியா? (கும்பகோணம்)

அம்மா, இதைப் படித்த உடனே மெயினை அணைத்து அந்தத் துண்டு ஒயரைக் கழற்றச் செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஏனென்று சொல்கிறோம். அந்தப் பிளக்குக்கு வரும் நியூட்ரல் எங்கேயாவது ஒரு ஜாயிண்டில் விட்டுப்போனால், சார்ஜர் வழியாக வரும் 230 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியே எர்த் பின்னுக்கு வந்து, ஸ்கூட்டரின் இரும்பு உடம்பு முழுக்க நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு வண்டியைத் தொடுபவர் மீதுதான் அது இறங்கும். ஃபியூஸ் போகாது. சிவப்பு விளக்கு காட்டி சார்ஜர் மறுத்தது உங்களைக் காப்பாற்றவே, அதை ஏமாற்றிவிட்டார்கள்.

முறையான வழி எர்த் குழி. 40 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப், சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில். காவிரிக் கரை மண் இதற்கு வசதியானது. கரியும் உப்பும் அடுக்குவது பழைய முறை, வேலை செய்யும். ஆனால் உப்பு பைப்பை அரிக்கும், மழையில் கரைந்து போகும். பெண்டோனைட் கலவை நிரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. மேலே மூடியோடு ஒரு சிறு தொட்டி கட்டுங்கள், ஒயர் சேரும் போல்ட் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) அளந்தால் 5 ஓமுக்குள் வந்தால் நல்லது.

ஆனால் நல்ல எர்த் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் இங்குதான் பெரிய தவறு நடக்கிறது. 5 ஓம் எர்த்தில் ஃபேஸ் நேராக மோதினாலும் ஓடுவது 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 'சி' டைப் 16 ஆம்ப் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் தேவை. 46-ல் அது சூடாகி விழப் பல நொடிகள் ஆகும், அதுவரை வண்டியின் உடம்பில் மின்சாரம் நிற்கும். கட்டவுட் ஃபியூஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதில் என்ன தடிமனில் கம்பி கட்டியிருக்கிறார்கள் என்பதே தெரியாது. ஆர்சிசிபி 0.03 ஆம்பியர் கசிவிலேயே கண் இமைப்பதற்குள் விழும். கோடையில் எர்த் 100 ஓமுக்குப் போனாலும் 2.3 ஆம்பியர் கசியும், அதற்கு அது தாராளம். ஆகவே எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று மற்றதற்கு மாற்று இல்லை.

வீட்டின் பழைய ஒயரையும் பாருங்கள். அக்காலத்தில் 3/20, 7/20 என்று சொல்லிப் போட்டவை முறையே சுமார் 2, 4.5 ஸ்கொயர். கீறிப் பார்த்து வெள்ளையாக இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். அலுமினியமென்றால் ஷெட்டுக்கு அதிலிருந்து எதையும் எடுக்காமல் மீட்டர் பலகையிலிருந்தே புது லைன் இழுங்கள்.

2 எச்.பி. கம்ப்ரசர் வாங்கினோம். கடையில் ஓடியது, எங்கள் ஷெட்டில் 'உம்' என்று உறுமிவிட்டு எம்சிபியைத் தள்ளுகிறது. வீட்டிலிருந்து 25 மீட்டர், 1.5 ஸ்கொயர் ஒயர். (கரூர்)

மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் 60 வரை இழுக்கும். 1.5 ஸ்கொயரில் 25 மீட்டருக்கு 60 ஆம்பியர் போனால் வழியிலேயே 43 வோல்ட் போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 187. முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கப்படி குறைவதால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பிஸ்டனைத் தள்ள முடியாமல் நின்ற இடத்தில் உறுமுகிறது. கிளம்பாத மோட்டார் அந்த 50, 60 ஆம்பியரை விடாமல் இழுப்பதால் எம்சிபி விழுகிறது. 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 16, 17 வோல்ட்டாகக் குறையும், கிளம்பிவிடும். மாலையில் ஊரே வோல்டேஜ் குறையும் பகுதியென்றால் 6 ஸ்கொயர்.

எம்சிபி 'பி' டைப்பா என்றும் பாருங்கள். அதன் மேல் பி16 என்று எழுதியிருக்கும். அது 48 ஆம்பியரிலேயே விழத் தொடங்கலாம். மோட்டாருக்கு சி16. ஒயரை மாற்றாமல் 32 ஆம்ப் எம்சிபி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 1.5 ஸ்கொயர் சுவருக்குள்ளேயே வெந்துவிடும்.

ஒயரை மாற்றியும் டேங்கில் காற்று இருக்கும்போது மட்டும் கிளம்பவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. கம்ப்ரசர் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் அருகே 'புஸ்' என்று காற்று வெளியேற வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் அன்லோடர் வால்வு அடைத்திருக்கிறது, பிஸ்டன் அழுத்தத்தோடு கிளம்பப் பார்க்கிறது. காலி டேங்கிலும் கிளம்பாவிட்டால் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரைச் சோதியுங்கள்.

ஷெட்டுக்குப் புதிதாக ஆர்சிசிபி போட்டோம். ஷெட் லைட்டைப் போட்ட மறுநொடி விழுகிறது. லைட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மழை நாளில் லைட் போடாமலேயே விழுகிறது. ஆர்சிசிபியைக் கழற்றிவிடலாமா? (திருநெல்வேலி)

கழற்றாதீர்கள், உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன.

ஆர்சிசிபி தன் வழியே போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒன்றா என்று மட்டுமே பார்க்கிறது. உங்கள் லைட்டுக்கு ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து, அதாவது ஆர்சிசிபிக்கு வெளியே இருந்து வருகிறது. நியூட்ரலை மட்டும் ஷெட் டிபியில் ஆர்சிசிபிக்குக் கீழுள்ள நியூட்ரல் பாரில் (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) கட்டியிருக்கிறார்கள். போகாத மின்சாரம் திரும்பி வந்தால் அதற்குக் கசிவு என்றுதான் அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் 7 வாட் கூட இல்லை. ஒரு 9 வாட் பல்பே போதும் அதை விழ வைக்க. இன்வெர்ட்டர் லைட்டின் நியூட்ரலை ஃபேஸ் கிளம்பும் வீட்டு டிபியிலிருந்தே தனி கறுப்பு ஒயராகக் கொண்டுவாருங்கள். ஷெட் நியூட்ரல் பாரை அது தொடவே கூடாது. கரண்ட் போன நேரத்திலும் அந்த லைட் லைனில் மின்சாரம் இருக்கும் என்று டிபி கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மழை நாள் கோளாறு எங்கோ ஒரு பெட்டியில் தண்ணீர். எல்லா எம்சிபியையும் அணைத்துப் பார்த்தும் விழுகிறதே என்று குழம்பாதீர்கள். ஒற்றைப் போல் எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும். நியூட்ரல் ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மெயினை அணைத்துவிட்டு பாரிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த ஒயரைக் கழற்றியதும் நிற்கிறது என்று ஒயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சுவர் பெட்டிகளில் பைப் மேலிருந்து நுழைந்தால் பைப்பே ஓடையாகி உள்ளே தண்ணீரை விடும். கீழிருந்து நுழைக்க வேண்டும், தண்ணீர் புகாத ஐபி65 பெட்டி போட வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பின் ஓரத்தில் ஷெட். 40 மீட்டர். லைட், ஒரு பவர் பிளக், ஸ்கூட்டர் சார்ஜிங் போதும். மரத்துக்கு மரம் கட்டி ஒயர் இழுக்கலாமா, பூமிக்குள் போடலாமா? (பொள்ளாச்சி)

மரத்தில் வேண்டாம். காற்றில் மரம் ஆடுகிறது, ஒயர் உரசுகிறது, மட்டை விழுகிறது. அறுந்த ஒயர் ஈரத் தரையில் கிடந்து ஆளையும் மாட்டையும் கொன்ற சேதிகள் மழைக்காலம்தோறும் வருகின்றன.

மூன்று கோர் 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு கேபிள் (உள்ளே மூன்று ஒயர், மேலே இரும்புக் கம்பிக் கவசம்) போடுங்கள். 16 ஆம்பியரில் 40 மீட்டருக்கு இழப்பு சுமார் 4.7 வோல்ட். செலவைக் குறைக்க வேண்டுமானால் 10 ஸ்கொயர் அலுமினியம் ஆர்மர்டு. தடை கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் அதன் நுனிகளைக் காப்பரோடும் பித்தளையோடும் சேர்க்கும் இடத்தில் பைமெட்டாலிக் லக் போட வேண்டும். வெறுமனே முறுக்கினால் அரித்துச் சூடாகும்.

பள்ளம் 75 செ.மீ. ஆழம், டிராக்டர் ஏறும் பாதையில் 1 மீட்டர். கீழே 8 செ.மீ. மணல், அதன்மேல் கேபிள், மேலே இன்னொரு 8 செ.மீ. மணல், அதன்மேல் குறுக்காக வரிசைச் செங்கல், பிறகு மண். தரைக்கு ஓரடி கீழே எச்சரிக்கை நாடா. செங்கலைக் குறைக்காதீர்கள், பாத்தி வெட்டுபவரின் கடப்பாரை முதலில் இடிக்க வேண்டியது அதில்தான். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதல் கேபிளை வளையமாக விடுங்கள். நடுவில் ஜாயிண்ட் கூடவே கூடாது. ஆர்மர் கம்பிகளை இரு முனையிலும் பித்தளை கிளாண்டில் பிடித்து எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

வீட்டு முனையில் 32 ஆம்ப் எம்சிபியோடு 100 மில்லி ஆம்பியர், 'எஸ்' வகை தாமத ஆர்சிசிபி. ஷெட்டில் 30 மில்லி ஆம்பியர் சாதாரண ஆர்சிசிபி. ஷெட்டில் கசிந்தால் ஷெட்டில் மட்டும் விழும், கேபிளே பழுதானால் வீட்டில் விழும். ஷெட்டுக்கு அருகே ஒரு எர்த் குழி தனியாகத் தோண்டுங்கள். ஷெட் டிபியில் நியூட்ரல் பாரும் எர்த் பாரும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

ஷெட்டில் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வைத்துக்கொள்ள ஆசை. கேட், ஸ்டாண்ட் போன்றவை செய்ய. வீட்டு இணைப்பில் ஓட்டலாமா? (ஓசூர்)

சொந்த வேலைக்கு, அனுமதிக்கப்பட்ட லோடுக்குள் இருந்தால் ஓட்டலாம். அக்கம்பக்கத்தாருக்குக் காசு வாங்கிச் செய்யத் தொடங்கினால் அது வீட்டு உபயோகம் ஆகாது; மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். தொழிலாகச் செய்வதென்றால் முதலிலேயே தனி இணைப்பு வாங்குங்கள்.

200 ஆம்ப் மெஷின் என்பது வெல்டிங் முனையில் வரும் ஆம்பியர். 2.5 மி.மீ. ராடு 80 ஆம்பியரில் ஓடும்போது சுவரிலிருந்து சுமார் 14 ஆம்பியர், 16 ஆம்ப் பிளக் தாங்கும். 3.15 ராடுக்கு 110 வைத்தால் சுவரில் 20-ஐத் தொடும். அதற்கு 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 6 ஸ்கொயர் ஒயர். எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுவதும் விரித்துவிட்டு ஓட்டுங்கள், சுருளாக இருந்தால் உள்சுற்று உருகும். கார் சார்ஜ் ஏறும்போது வெல்டிங் வேண்டாம்.

போர்டிகோவில் எத்தனை லைட்? (கோயம்புத்தூர்)

ஒரு காருக்கு 20 வாட் எல்இடி பேட்டன் இரண்டு, நடுவில் அல்ல, காரின் இருபக்கத்துக்கும் மேலாக. நடுவில் வைத்தால் வெளிச்சம் காரின் கூரையில் விழும், டயர் பக்கம் இருட்டு. வேலை மேசை இருந்தால் அதற்கு மேல் இன்னொன்று.

வேளச்சேரியில் இருக்கிறோம். மழையில் ஷெட்டில் தண்ணீர் நிற்கும். சார்ஜரை எந்த உயரத்தில் வைக்க?

2015-லும் 2023 டிசம்பரிலும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்ற கறையைப் பாருங்கள், அதற்கு மேல் அரை மீட்டர். கறை இல்லையென்றாலும் 1.2 மீட்டருக்குக் கீழே எதுவும் வேண்டாம். டிபியை அதற்கும் மேலே, கை எட்டும் உயரத்தில். பைப்பைக் கூரை வழியாகக் கொண்டுவந்து மேலிருந்து இறக்கினால் தரையோரம் ஒயரே இருக்காது. சுவர் ஓரப் பெட்டிகளுக்குள் மட்டும் பக்கவாட்டில் வளைத்துக் கீழிருந்து நுழைத்துவிடுங்கள். ஷெட் லைனை வீட்டு மாடியிலிருந்து அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கட்டும். தண்ணீரில் இறங்கிப் போய் மெயினை அணைக்கும் நிலைமை வரவே கூடாது. வடிந்த பிறகும், மூழ்கிய சாக்கெட், எம்சிபி, ஆர்சிசிபியைக் காய வைத்துத் திரும்பப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

ஒயரிங் முடிந்துவிட்டது. கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் நாங்கள் என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும்? (சேலம்)

உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் என்றால் இவை எல்லாவற்றுக்கும் கருவி வைத்திருப்பார், தயங்காமல் கேளுங்கள்.

சார்ஜர், லைட், எஸ்பிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மின்சாரம் இல்லாத நிலையில் 500 வோல்ட் மெக்கரில் (ஒயரின் மேலுறை மின்சாரத்தைக் கசிய விடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், ஃபேஸ்-நியூட்ரல் அளக்க வேண்டும். 1 மெகாஓம் குறைந்தபட்சம். புது ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். இரண்டு மூன்று என்று நின்றால் எங்கோ ஒயரின் தோல் பைப் முனையில் கிழிந்திருக்கலாம். எர்த் குழியை அளந்து எண்ணை எழுதி வாங்குங்கள், மழை முடிந்த மறுநாள் அல்ல, மண் காய்ந்திருக்கும்போது.

பிறகு மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸ் வலப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸ்-எர்த் வோல்டேஜ் ஃபேஸ்-நியூட்ரல் வோல்டேஜுக்கு ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டைத் தாண்டினால் சில கார் சார்ஜர்கள் மறுத்துவிடும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை. பட்டன் ஆர்சிசிபி விழுகிறது என்பதை மட்டுமே காட்டும், எர்த் நன்றாக இருக்கிறது என்பதைக் காட்டாது. அதனால்தான் மேலே சொன்ன அளவு தனியாக வேண்டும்.

கடைசியாக லோடு போட்டுப் பார்ப்பது. காரை, அல்லது கீசர் போன்ற 3 கிலோவாட் பொருளை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, சாக்கெட்டின் முகப்பையும் டிபி மூடியையும் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த ஸ்குரூ இறுகவில்லை, அன்றே சரி செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை வந்து எல்லா ஸ்குரூவையும் திரும்ப இறுக்கித் தருவதையும் பேசிக்கொள்ளுங்கள், புது ஒயர் முதல் சில வாரங்களில் அமுங்கும். எந்த எம்சிபி எதற்கு, அதன் பின்னால் எத்தனை ஸ்கொயர் ஒயர், எந்த வழியாகப் பைப் போகிறது, எர்த் அளவு என்ன என்பதை ஒரு அட்டையில் எழுதி டிபி கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து வரும் ஒயர்மேன் சுவரில் ஓட்டை போடும் முன் அதைத்தான் பார்ப்பார்.